கடைக் கணினியில் யார் யார் நுழையலாம்? விண்டோஸில் பயனர் கணக்குகளை முறைப்படுத்தும் வழி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டியிருக்கும் ஊர்களில் ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் இரண்டு மாநிலங்களின் வேலையையும் ஒரே மேசையில் செய்கிறார்கள். ஒருவர் கேரள இ-டிஸ்ட்ரிக்ட் தளத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வருவார். அடுத்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து நிலத்துக்குத் தமிழ்நாட்டுப் பட்டா நகல் கேட்பார். கடையில் ஒரு பணியாளர் மலையாளத்தில் தட்டச்சு செய்பவராகவும் மற்றவர் தமிழில் செய்பவராகவும் இருப்பார். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றின் நகல்கள் நாள் முழுவதும் டெஸ்க்டாப்பில் குவிந்துகொண்டே இருக்கும். ஆனால் இத்தனைக்கும் வாசலாக இருக்கும் விண்டோஸ் கணக்கு பெரும்பாலான கடைகளில் ஒன்றே ஒன்றுதான். அதன் கடவுச்சொல் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும், சில சமயம் அடிக்கடி வரும் வாடிக்கையாளருக்கும்கூடத் தெரியும்.

இதைச் சரிசெய்யச் செலவு ஏதும் இல்லை. யார் நுழையலாம், எப்போது நுழையலாம், நுழைந்தபின் எதைத் தொடலாம் என்ற மூன்றையும் தீர்மானிப்பதற்கான கருவிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. கடவுச்சொல்லை எவ்வளவு கடினமாக்குவது என்பதைவிட, ஆளுக்கொரு கணக்கு என்பதே முதலில் செய்ய வேண்டியது என்பது என் கருத்து. ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் கடவுச்சொல் எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும், தவறு நடந்தபின் யார் செய்தது என்று கேட்க வழியில்லை.

தொடங்குமுன் உங்கள் கணினியில் இருப்பது ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற வரிசையில் சென்றால் தெரியும். ப்ரோவில் இருக்கும் சில சாளரங்கள் ஹோமில் இல்லை; அங்கே கட்டளைகளைத் தட்டி இடும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற சாளரம் வழியாகச் செய்ய வேண்டியிருக்கும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். இன்னமும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும். கணக்குகளை எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியின் ஓட்டைகளை அது அடைக்காது.

முதல் வேலை: நிர்வாகி கணக்கைத் தனியே எடுத்து வைத்தல்

விண்டோஸில் கணக்குகள் அடிப்படையில் இரண்டு வகை. நிர்வாகி கணக்கு மென்பொருள் நிறுவலாம், மற்றவர்களின் கடவுச்சொல்லை மாற்றலாம், எல்லாக் கோப்புறைகளையும் திறக்கலாம். சாதாரண கணக்கு தன் வேலையை மட்டும் செய்யலாம். கடை உரிமையாளர் உட்பட யாரும் அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தக் கூடாது. மின்னஞ்சலில் வந்த ஏதோ ஒரு கோப்பைத் திறக்கும்போது, திறந்தவருக்கு இருக்கும் அதிகாரம் முழுவதும் அந்தக் கோப்பில் ஒளிந்திருக்கும் நிரலுக்கும் கிடைத்துவிடும் என்பதே காரணம்.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று ஆட் அக்கவுண்ட் என்பதை அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலைக் கேட்கும். அதைத் தவிர்த்து, அந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்க்கும் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின் மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வரும். புதிதாக உருவாகும் கணக்கு தானாகவே சாதாரண கணக்காக இருக்கும். உரிமையாளருக்கான நிர்வாகி கணக்குக்கு மட்டும் சேஞ்ச் அக்கவுண்ட் டைப் வழியே வகையை மாற்றுங்கள். அந்தப் புதிய நிர்வாகி கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்த்து, எல்லாம் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பழைய பொதுக் கணக்கைச் சாதாரண வகைக்கு இறக்க வேண்டும்.

அந்தப் பாதுகாப்புக் கேள்விகள் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஊரில் பிறந்தீர்கள், முதலில் படித்த பள்ளி எது, சிறுவயதுச் செல்லப்பெயர் என்ன என்றெல்லாம் கேட்கும். பெருநகரத்தில் இவை ஓரளவு ரகசியமாக இருக்கலாம். எல்லையோர ஊர்களில் இவற்றுக்கான விடை எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். உண்மையான விடையைக் கொடுக்காமல், தொடர்பே இல்லாத சொற்களைக் கொடுத்து வீட்டில் எழுதி வையுங்கள். ப்ரோ பதிப்பில் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், லோக்கல் யூசர்ஸ் அண்ட் க்ரூப்ஸ், யூசர்ஸ் என்று சென்று கணக்கு உருவாக்கினால் இந்தக் கேள்விகளே வராது.

கடவுச்சொல் ஏறவில்லை என்றால் முதலில் மூலையைப் பாருங்கள்

“அண்ணா, பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குதுங்க” என்ற புகார் இரண்டு மூன்று மொழிகளில் தட்டச்சு நடக்கும் கடைகளில் அடிக்கடி எழும். பெரும்பாலும் கடவுச்சொல் சரியாகவே இருக்கும். விசைப்பலகைதான் மலையாளம் இன்ஸ்கிரிப்டிலோ தமிழிலோ நின்றுகொண்டிருக்கும். கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், தட்டுவது எந்த எழுத்து என்று தட்டுபவருக்குத் தெரிவதில்லை. நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் மொழியைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினாலும் மொழி மாறும். கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடித்தால் தட்டிய எழுத்துகள் அப்படியே தெரியும். ஆங்கிலக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக அங்கே மலையாள எழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவுடன் புதிர் விடுபட்டுவிடும்.

இதை நிரந்தரமாகச் சரிசெய்ய, ஆங்கில விசைப்பலகை முதலிடத்தில் இருக்கும் நிர்வாகி கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று, அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ் என்ற இணைப்பைத் திறந்து, காப்பி செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். வெல்கம் ஸ்க்ரீன் என்று தொடங்கும் பெட்டியில் டிக் இட்டால், நுழைவுத் திரை ஆங்கில விசைப்பலகையுடனேயே தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு பணியாளரும் தத்தம் கணக்குக்குள் தமக்கு வேண்டிய மொழியை முதலில் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு கணக்கு கொடுப்பதன் உடனடிப் பயன் இதுதான். தமிழில் தட்டச்சு செய்பவர் எழுந்து மலையாளத்தில் தட்டச்சு செய்பவர் உட்கார்ந்ததும் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பணியாளர்கள் மறுப்பில்லாமல் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்வதும் பாதுகாப்புக்காக அன்று, இந்த வசதிக்காகத்தான்.

தவறான முயற்சிகளுக்குப் பூட்டு

2022இல் வந்த விண்டோஸ் 11 22எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கணினிகளில் 10 முறை கடவுச்சொல் தவறானால் கணக்கு 10 நிமிடங்களுக்குப் பூட்டிக்கொள்ளும். ப்ரோவில் ஸ்டார்ட் தேடலில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்று தேடித் திறந்து, அக்கவுண்ட் பாலிசிஸ், அக்கவுண்ட் லாக்அவுட் பாலிசி என்ற இடத்தில் இந்த எண்ணிக்கையை மாற்றலாம். சிலர் இதை 3 ஆகக் குறைக்கச் சொல்வார்கள். எங்கள் பகுதிக்கு அது ஒத்துவராது. விசைப்பலகை மாறி நின்ற ஒரே காரணத்துக்காகப் பணியாளர் காலை நெரிசலில் பத்து நிமிடம் கைகட்டி நிற்க வேண்டிவரும். இருக்கும் 10 போதுமானது.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பின் எண் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. அதன் தவறான முயற்சிகளைத் தடுக்கும் வேலையைக் கணினிக்குள் இருக்கும் டிபிஎம் சில்லு பார்த்துக்கொள்கிறது. சில முறை தவறானால், ஏ1பி2சி3 என்று ஆங்கிலத்தில் தட்டச் சொல்லிக் கேட்கும். இது எவரோ கணினிக்குள் புகுந்ததன் அடையாளம் என்று பயப்பட வேண்டியதில்லை. விசைகள் தவறுதலாக அழுந்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளும் முறை அவ்வளவுதான். எண்கள் மட்டும் என்பதால் விசைப்பலகை மொழித் தொல்லையும் பின் எண்ணுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. நான்கு எண்கள் போதும் என்று விண்டோஸ் விட்டாலும், கடைக் கணினிக்கு ஆறு வையுங்கள்.

வாடிக்கையாளருக்கு ஒரு கணக்கு

தாமே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும் வாடிக்கையாளர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். பழைய விண்டோஸில் இருந்த கெஸ்ட் கணக்கு இப்போது பயன்பாட்டில் இல்லை. ஆனால் கெஸ்ட்ஸ் என்ற குழு இன்னமும் இருக்கிறது. அதில் மட்டும் உறுப்பினராக இருக்கும் கணக்கிலிருந்து வெளியேறும்போது, அந்தக் கணக்கின் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்தவை உட்பட எல்லாவற்றையும் விண்டோஸ் அழித்துவிடும். ஒருவர் இறக்கிய ஆதார் கோப்பு அடுத்தவர் கண்ணில் படாமலிருக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

முதலில் சாதாரண கணக்கு ஒன்றை, கஸ்டமர் என்ற பெயரில், ஆங்கில எழுத்துகளில் உருவாக்குங்கள். ப்ரோவில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் வழியே அந்தக் கணக்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, மெம்பர் ஆஃப் தாளில் கெஸ்ட்ஸைச் சேர்த்து யூசர்ஸை நீக்குங்கள். ஹோமில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து இரண்டு கட்டளைகள் இட வேண்டும். இங்கே கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

நெட் லோக்கல்க்ரூப் கெஸ்ட்ஸ் கஸ்டமர் /ஆட்
நெட் லோக்கல்க்ரூப் யூசர்ஸ் கஸ்டமர் /டெலீட்

லோக்கல்க்ரூப் என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். செய்து முடித்ததும் அந்தக் கணக்கில் நுழைந்து, டெஸ்க்டாப்பில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள். கோப்பு இருக்கக் கூடாது. வெளியேறுவது என்றால் சைன் அவுட். திரையைப் பூட்டிவிட்டுப் போனால் எதுவும் அழியாது என்பதைப் பணியாளர்களுக்குச் சொல்லிவையுங்கள். வாடிக்கையாளர் அச்செடுக்க வேண்டியதை எடுத்த பிறகே சைன் அவுட் செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அழிந்ததை மீட்க வழியில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை இணையத்தில் அமர்த்தும் கடைகளுக்கு, 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் தனியே பொருந்தும். வந்தவரின் அடையாள ஆவணத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. விண்டோஸ் கணக்கு அந்தப் பதிவேட்டுக்கு ஈடாகாது.

டி டிரைவ் என்னும் திறந்த வாசல்

கணக்குகளைப் பிரித்தாகிவிட்டது, இனி ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்க முடியாது என்று நினைத்தால் அது பாதிதான் உண்மை. சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் ஒவ்வொருவருக்கும் இருக்கும் பகுதியை மற்ற சாதாரண கணக்குகள் திறக்க முடியாது. ஆனால் நம் கடைகளில் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டு வைப்பதுதான் வழக்கம். விண்டோஸ் மறுபடி நிறுவினாலும் கோப்புகள் தப்பிக்கும் என்பதற்காகச் சர்வீஸ் செய்பவர்களே அப்படிப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த இரண்டாம் டிரைவில், கணினிக்குள் முறையாக நுழைந்த எவரும் எதையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்பதே விண்டோஸின் இயல்பான அனுமதி. கஸ்டமர் கணக்கும் இதில் அடக்கம்.

ஆகவே டி டிரைவில் உள்ள முக்கியக் கோப்புறையை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று செல்லுங்கள். மேலிருந்து அனுமதிகள் தானாக வருவதை நிறுத்தும் டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் என்பதை அழுத்தி, இருக்கும் அனுமதிகளை அப்படியே தனியே மாற்றிக்கொள்ளும் முதல் தேர்வை எடுங்கள். பிறகு பட்டியலில் ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் என்ற இரண்டு வரிகளையும் நீக்கி, வேண்டிய பணியாளரின் கணக்கை மட்டும் சேர்த்து மாடிஃபை அனுமதி கொடுங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற வரிகளைத் தொடவே கூடாது. செக்யூரிட்டி என்ற தாளே தெரியவில்லை என்றால் அந்த டிரைவ், கோப்புக்குக் கோப்பு அனுமதிகளைப் பதிந்துவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் இல்லை என்று பொருள். பென் டிரைவ்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அங்கே கணக்கு வாரியான கட்டுப்பாடு சாத்தியமில்லை.

நேரக் கட்டுப்பாடு

கடை மூடிய பிறகு ஒரு கணக்கில் யாரும் நுழையக் கூடாது என்றால் அதற்கும் கட்டளை உண்டு. கவுண்டர் என்ற கணக்குக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் இரவு 7 வரை மட்டும் என்றால்:

நெட் யூசர் கவுண்டர் /டைம்ஸ்:எம்-எஸ்ஏ,9ஏஎம்-7பிஎம்

திங்களுக்கு எம் என்ற ஒரெழுத்து, சனிக்கு எஸ், ஏ என்ற ஈரெழுத்து. முழு மணிகளை மட்டுமே கொடுக்கலாம், ஒன்பதரை என்று கொடுக்க முடியாது. இதைப் பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளைச் சாளரத்தில் இட்டால் நடுவில் இருக்கும் காற்புள்ளியை அது வேறு பொருளில் எடுத்துக்கொண்டு குழப்பும். கமாண்ட் ப்ராம்ப்ட்டிலேயே இடுங்கள். நேரத்துக்குப் பதிலாக ஆல் என்று இட்டால் கட்டுப்பாடு நீங்கிவிடும். இது நுழைவதை மட்டுமே தடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆறே முக்காலுக்கு நுழைந்தவர் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தாலும் விண்டோஸ் அவரை எழுப்பாது.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கு

போனவரின் கணக்கை அன்றே அழித்துவிடுவது பலரின் வழக்கம். அது தவறான அவசரம். செட்டிங்ஸ் வழியே கணக்கை நீக்கினால் அவருடைய டெஸ்க்டாப்பும் ஆவணங்களும் சேர்ந்து போய்விடும். பாதியில் நிற்கும் விண்ணப்பங்களின் நகல்கள் அங்கேதான் இருக்கும். மறுபடி அதே பெயரில் கணக்கு உருவாக்கினாலும் விண்டோஸுக்கு அது வேறு ஆள்தான். ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஒரு தனி அடையாள எண் இருக்கிறது, பழைய கோப்புகளின் அனுமதி அந்த எண்ணுக்கே உரியது.

முடக்குவதே சரியான வழி. ப்ரோவில் கணக்கின் ப்ராப்பர்ட்டீஸில் அக்கவுண்ட் ஈஸ் டிசேபிள்டு என்ற பெட்டியில் டிக் இடுங்கள். ஹோமில்:

நெட் யூசர் கவுண்டர் /ஆக்டிவ்:நோ

முடக்குமுன், அந்தக் கணக்கு பின்னணியில் திறந்தே இருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் தாளில் பார்த்து, இருந்தால் சைன் ஆஃப் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வை முடக்கம் துண்டிக்காது. இன்னொரு எச்சரிக்கை: போனவரின் கடவுச்சொல்லை நிர்வாகியாக இருந்து வலிந்து மாற்றினால், அந்தக் கணக்கில் விண்டோஸ் காத்துவரும் கடவுச்சொற்கள், பிரவுசரில் சேமித்தவை உட்பட, திறக்க முடியாமல் போய்விடலாம். கடைக்குத் தேவையான தளங்களின் விவரங்களை அவர் கிளம்புமுன்பே கேட்டு வாங்கி, அந்தத் தளங்களிலும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். விண்டோஸ் கணக்கை மூடுவதால் அவருடைய கைப்பேசியில் திறந்திருக்கும் கடை மின்னஞ்சல் மூடிக்கொள்ளாது.

ப்ரோவில், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியின் லோக்கல் பாலிசிஸ் பகுதியில் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் என்பதற்குள் டினை லாக் ஆன் லோக்கலி என்ற வரி இருக்கிறது. அங்கே சேர்க்கப்படும் கணக்கு, வேறெங்கே அனுமதி இருந்தாலும், கணினி முன் உட்கார்ந்து நுழைய முடியாது. ஸ்கேனர் கோப்புகளை வலைப்பின்னல் வழியே அனுப்புவதற்காக மட்டும் வைத்திருக்கும் கணக்குக்கு இது பொருத்தம். ஆனால் யூசர்ஸ் என்ற முழுக் குழுவையும் அங்கே சேர்த்துவிடாதீர்கள். நிர்வாகியும் அந்தக் குழுவுக்குள் வருவதால், அடுத்த முறை கடையில் யாருமே உள்ளே போக முடியாது.

தானாக நுழையும் கணினிகள்

கடவுச்சொல் தட்டும் வேலை வேண்டாம் என்று, பவர் பொத்தானை அழுத்தினாலே நேராக டெஸ்க்டாப் வரும்படி அமைத்துத் தரச் சிலர் கேட்பார்கள். மழைக்காலத்தில் கரண்டு போய் வரும்போதெல்லாம் அந்தக் கணினி தானாகவே திறந்து நிற்கும். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி நெட்பில்விஸ் என்ற சாளரத்தைத் திறந்து, பயனர்கள் பெயரும் கடவுச்சொல்லும் தர வேண்டும் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இதன் எழுத்துகள் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட். விண்டோஸ் 11இல் அந்தப் பெட்டியே தெரியாமலும் இருக்கலாம். விண்டோஸ் ஹலோ (பின் எண், முகம், விரல்ரேகை) வழி நுழைவு மட்டும் என்ற அமைப்பு சைன்-இன் ஆப்ஷன்ஸில் இயங்கிக்கொண்டிருந்தால் அப்படி ஆகும்.

எழுந்து போகும்போது விண்டோஸ் விசையுடன் எல் அழுத்துவது பழக்கமாக வேண்டும். பழக்கத்தை நம்ப முடியாத இடத்தில், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியின் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட் என்பதற்கு 300 என்று கொடுத்தால், ஐந்து நிமிடம் கை படாதிருக்கும் கணினி தானே பூட்டிக்கொள்ளும்.

யார் வந்தார்கள் என்று பார்க்க

நிர்வாகி கணக்கில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி என்று சென்றால் நுழைவுப் பதிவுகள் இருக்கும். 4624 என்ற எண் வெற்றிகரமான நுழைவு, 4625 தோல்வியுற்ற முயற்சி, 4740 பூட்டப்பட்ட கணக்கு. 4624 பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். விண்டோஸின் உள்வேலைகளும் அதே எண்ணில்தான் பதிவாகும். பதிவைத் திறந்து லாகான் டைப் என்ற வரியைப் பாருங்கள். 2 என்றால் ஆள் நேரில் உட்கார்ந்து நுழைந்தது, 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தது, 10 என்றால் தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தது. கடையில் யாரும் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தாதபோது 10 தென்பட்டால், அன்றே கடவுச்சொற்களை மாற்றி, செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுத்துங்கள். இந்தப் பதிவேடு இயல்பாக 20 எம்பி அளவுக்குத்தான் சேர்க்கும். நிறைந்ததும் பழையவற்றின் மேல் எழுதத் தொடங்கிவிடும். செக்யூரிட்டி என்பதை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அந்த அளவைக் கூட்டிவையுங்கள்.

இவ்வளவும் விண்டோஸ் இயங்கும்போது மட்டுமே காவல் நிற்கும். வேறொரு இயங்குதளம் உள்ள பென் டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கினால், இந்தக் கணக்குகளையும் அனுமதிகளையும் கேட்காமல் டிரைவைப் படித்துவிடலாம். அதைத் தடுக்க, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிரைவை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கரை ப்ரோவிலும், வசதியிருக்கும் ஹோம் கணினிகளில் டிவைஸ் என்க்ரிப்ஷனையும் இயக்கி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்புக்கும் ஒரு கடவுச்சொல் வையுங்கள். பிட்லாக்கர் 48 எண்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதை அதே கணினியில் சேமிப்பதில் பயனில்லை. இரண்டு தாளில் அச்செடுத்து, ஒன்றை வீட்டு அலமாரியிலும் மற்றதைக் கடைக்கு வெளியே நம்பிக்கையான இன்னொரு இடத்திலும் வைத்து, எந்தக் கணினிக்கு உரியது என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.